வத்தல் மேல் ஏறிய ஜீப்

கண்ணாடிக் கூண்டுக்குள் நான். வெளியே பாதிக் கோவில்பட்டி.

இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக் காதோடு அழுத்தியதில் தோட்டுத் திருகு குத்துகிறது. நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை மூக்கு நுனியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு விழுகிறது. மறுமுனையில், திருநெல்வேலியில், மாலைப் பேப்பர் ஆபீஸில், நான் முகம் பார்த்திராத பிச்சையா சார் பரபரக்கிறார். "சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு. பக்கத்தை முடிக்கப் போறாங்க."

"சத்தமாச் சொல்லுட்டி வனசா, பின்னால நிக்கவியளுக்குக் கேக்கலயாம்" என்கிறாள் பாக்கியம் அக்கா. எஸ்.டி.டி. பூத் அவளுடையது.

நான் பேப்பரில் வேலை பார்ப்பவள் இல்லை. வேலை பார்க்கிறவர் எப்படிப் பார்க்கிறார் என்று கூடவே இருந்து பார்ப்பதற்காகக் கல்லூரி அனுப்பிவைத்த மாணவி. பார்க்க வந்தவள் பேசிக்கொண்டிருக்கிறேன். பேச வேண்டிய நிருபர் செல்லத்துரை அண்ணாச்சியோ கூண்டுக்கு வெளியே தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். காற்று மட்டும் வருகிறது.

நான் சொல்லும் சேதி அன்றைய சாயங்காலப் பேப்பரில் வந்துவிட்டால் நல்லமுத்தன்பட்டிக்குக் கடைசி பஸ் போகும். வராவிட்டால் போகாது. போகாவிட்டால் ராசாத்தி என்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை புத்தகங்களைக் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். அவளுடைய அப்பா ஆபீஸில் ஆளைப் பார்த்துச் சொல்லியும் வைத்துவிட்டார். அவளுடைய அம்மா மாரித்தாய் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு இல்லை. கரிசலில் முதல் தூறல் விழும்போது ஒரு வாசம் கிளம்புமே, தலைக்குள் நேராக ஏறுமே, அப்படி ஒரு சிரிப்பு.

சைக்கிளில் வந்த நிழல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாசி மாதம். எங்கள் கல்லூரியில் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. இரண்டாம் வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொழில் செய்கிறவரை நிழல்போலத் தொடர்ந்து சென்று கற்றுவர வேண்டும். 'நிழல்போல' என்றே கடிதத்தில் இருந்தது. சிலர் பாங்குக்குப் போனார்கள், சிலர் ஆஸ்பத்திரிக்கு. பத்திரிகை என்று எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான். சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் சொன்னேனே, ஹாஸ்டல் சுவரில் கவிதை எழுதி வார்டனிடம் மாட்டிக்கொண்டது, அந்தச் சூட்டில் எழுதிக் கொடுத்தது.

ஹாஸ்டலை விட்டுச் சொந்த ஊரான கோவில்பட்டிக்கே வந்தேன். ஊரில் பத்திரிகை என்றால் செல்லத்துரை அண்ணாச்சி. முப்பது வயது இருக்கும். உச்சிப் பொழுது வரை நிருபர், அதற்கு மேல் இன்சூரன்ஸ் ஏஜென்ட். விபத்துச் செய்தி சேகரிக்கப் போனால் சுற்றி நிற்கிறவர்களிடம் இரண்டு பாலிசி பிடித்துவிட்டு வருவார். "செய்தியைப் பாத்துப் பயந்திருப்பான் பாரு, அப்பத்தான் பேசணும்" என்பார். எனக்கு அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. அவருக்கு நேரமில்லை. என்னை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

முதல் நாளே சிக்கல். அவரிடம் மொபெட். அதன் பின் சீட்டில் ஒரு காலேஜ் பிள்ளை ஏறி மெயின் ரோட்டில் போனால் மறுநாள் அதுவே சேதியாகிவிடும். ஆகவே நான் என் லேடீஸ் சைக்கிளில், அவருக்குப் பின்னால். நான் வர வேண்டுமே என்று அவர் மெதுவாகப் போவார். மெதுவாகப் போனால் மொபெட் நின்றுவிடும். அவர் இறங்கி மிதித்துக் கிளப்புவதற்குள் நான் அவரைத் தாண்டிப் போய்விடுவேன்.

"ஏ செல்லத்துரை, நிழலு முன்னால போகுதுடே!" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும்.

"வெயிலு பின்னால அடிக்கி, போங்கலே" என்று அவர் திருப்பிக் கத்துவார். அந்தக் குரல் இருக்கிறதே, சந்தையில் இந்த மூலையில் பேசினால் அந்த மூலையில் ஆடு திரும்பிப் பார்க்கும். அதை நம்பித்தான் அவர் பிழைப்பே இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

கதவு சாத்தாத கூண்டு

அந்தக் காலத்தில் சேதி போனில்தான் போகும். மாலைப் பேப்பர் திருநெல்வேலியில் அச்சாகி நாலு மணிவாக்கில் பஸ் கூரையில் ஏறி எங்கள் ஊருக்கு வரும். அதற்கு, உச்சிக்கு முன்னால் நிருபர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வரி வரியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார்.

பாக்கியம் அக்கா பூத்தில் கண்ணாடிக் கதவு சாத்தாது. கீல் விழுந்து வருசமாயிற்று. சாத்தினாலும் உள்ளே ஃபேன் கிடையாது, ஆள் அவிந்துபோகும். ஆகவே அண்ணாச்சி சொல்லும் சேதியை, போன் பேச வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். போன் பேசத் தேவையில்லாதவர்களும் கேட்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை, கடலைமிட்டாய்க் கடைக்காரர், தாலுகா ஆபீஸுக்கு வந்து காத்திருக்கும் சம்சாரிகள் என்று பதினொரு மணிக்கே கூட்டம் கூடிவிடும். பாக்கியம் அக்கா ஒரு பெஞ்சு வேறு போட்டு வைத்திருந்தாள். ஊரில் அதற்குப் பெயரே 'சேதி சொல்லுத நேரம்'.

சும்மா கேட்டாலும் பரவாயில்லை. திருத்துவார்கள்.

"கழுகுமலையில் தேரோட்டம், ஆயிரக்கணக்கான பக்தர்கள்..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தால், "ஆயிரமா? நான் போயிருந்தேன், காலு வைக்க எடமில்ல, லச்சம்னு போடும்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். "எட்டயபுரத்தில் லேசான மழை" என்றால், "லேசாவா? எங்க தெருவுல ஓடுச்சு" என்று சண்டைக்கு வருவார் எட்டயபுரத்துக்காரர். எங்கள் சீமையில் மழை பெய்வது அபூர்வம். பெய்தால் அதைக் குறைத்துச் சொல்ல யாரையும் விடமாட்டார்கள்.

அண்ணாச்சி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே தலையை நீட்டி, "நிருபர் நானா நீயாலே?" என்பார். பிறகு உள்ளே திரும்பி, "பலத்த மழைன்னு திருத்திக்கோங்க சார்" என்பார்.

இப்படியாக, சாயங்காலம் பேப்பர் வருவதற்கு முன்பே சேதி ஊர் முழுக்கப் போய்விட்டிருக்கும். ஆனாலும் பேப்பர் ஒன்றுகூட மிச்சமாகாது. தாங்கள் சொன்ன திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வாங்குவார்கள்.

மாரித்தாய் வந்தாள்

அப்படி ஒரு சேதி சொல்லுத நேரத்தில்தான் மாரித்தாய் வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. ஒல்லி. பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுகிற பழக்கம். ஆனால் பேச்சு நேராக இருக்கும்.

"அண்ணாச்சி, நல்லமுத்தன்பட்டிக்குக் கடைசி வண்டிய நிறுத்திட்டாவ. காலையில வண்டி இருக்கு, சாயங்காலம் இல்ல. பிள்ளைய விளாத்திகுளம் ரோட்டுல எறங்கி உடைமரக் காட்டுக்குள்ள நடந்து வருதுக. இருட்டிப் போவுது. எம் மக அப்பன் இந்த வாரத்தோட நிறுத்துதேன்னு நிக்காரு. டெப்போவுல கேட்டா வசூல் இல்லங்காவ. எல்லாம் பாஸு பிள்ளைய, வசூலு எங்கேருந்து வரும்?"

"மனு குடுத்தியளா?"

"குடுத்துக் குடுத்து பேனாவுல மை தீந்துபோச்சு. நாளைக்கு ரோட்டை மறிக்கோம். நீங்க வரணும்."

"எத வச்சு மறிக்கப் போறிய? கல்லு, முள்ளு எல்லாம் வச்சா கேஸாயிரும் தாயி."

மாரித்தாய் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எங்கட்ட என்ன இருக்கு? வத்தல்தான் இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக ஒரு சிரிப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியாது. எங்கள் பக்கம் தார் ரோடுதான் பொதுக் களம். சோளக் கதிர், கம்பு, உளுந்து என்று எதுவானாலும் ரோட்டில் பரப்பி வைப்போம். பஸ்ஸும் லாரியும் அதன் மேல் ஏறிப் போகும். தானியம் உதிர்ந்துவிடும். டிரைவர் ஒதுங்கிப் போனால்தான் கோபம் வரும். "ஏன், எங்க சோளம் உங்க டயரைக் கடிச்சிருமா?" என்று கேட்பார்கள். ஆனால் மிளகாய் வத்தல் மட்டும் வேறு. வத்தல் காய்கிற இடத்தில் எவனும் சக்கரத்தை வைக்கமாட்டான். வத்தல் நாசமாகும் என்பது ஒரு பக்கம். அதன் நெடி கிளம்பினால் ஊர் தாங்காது என்பது இன்னொரு பக்கம். சைக்கிள்கூட இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகும்.

ஆக, கேஸில்லாத மறியல். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வத்தலைக் காயப்போட்டால் போதும்.

இன்னொருக்கா ஏத்தட்டுங்களா?

மறுநாள் காலை நான் பஸ்ஸில் போனேன். அண்ணாச்சி மொபெட்டில். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த புஞ்சைகள். தூரத்தில் ஒரு நீலச் சேலை. அதற்கப்புறம் வானம்தான்.

ஊர் முகப்பில் ரோடு சிவந்திருந்தது. நான் அப்படி ஒரு சிவப்பை அதற்குப் பின் பார்த்ததில்லை. கறுப்பு மண், கறுப்புத் தார், நடுவே பத்து வீட்டு வத்தல், காலை வெயிலில் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக்கொண்டு. ஓரத்தில் பெண்கள் ஒன்றும் தெரியாதவர்கள்போலக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கண்டக்டர், "எடுங்கண்ணே, நேரமாச்சு" என்றார்.

"வத்தலுடே" என்றார் டிரைவர். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அதற்கு மேல் விளக்கம் தேவையிருக்கவில்லை.

சேதி டெப்போவுக்குப் போய், மேனேஜர் ஜீப்பில் வந்தார். அவர் கும்பகோணம் பக்கத்துக்காரர். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜீப் டிரைவரோ அதைவிடப் புதுசு, ஈரோட்டுப் பக்கம், வந்து ரெண்டு வாரம். நல்ல பையன். மரியாதையான பையன். அதுதான் வினையாகப் போயிற்று.

முந்தின வாரம் அவன் எட்டயபுரம் ரோட்டில் ஒரு சோளக் களத்தை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் இறங்கிப் போயிருக்கிறான். சோளக்காரர் வழிமறித்து, "எங்க ஊர்ல ரோட்டுல போட்டா ஏத்திட்டுப் போகணும். அதுதான் மரியாதை" என்று பாடம் எடுத்திருக்கிறார். பையன் அதை மனதில் நன்றாக வாங்கிக்கொண்டான்.

ஆகவே ஜீப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. சிவப்பைப் பார்த்தது. நிற்கவில்லை. நேராக ஏறியது.

"ஐயோ! ஏத்தாத, ஏத்தாத!" என்று பெண்கள் எழுந்து கையை ஆட்டினார்கள். பையன் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டான். அந்தக் கோடி வரை போனான். ரிவர்ஸ் போட்டான். திரும்பவும் நிதானமாக, ஓரத்தில் விட்டுப்போனவற்றின் மேலும் சக்கரம் படும்படி ஏற்றிக்கொண்டு வந்தான். ஜன்னலில் தலையை நீட்டி, பவ்யமாகக் கேட்டான்.

"போதுங்களாம்மா? இன்னொருக்கா ஏத்தட்டுங்களா?"

பதில் சொல்ல அங்கே யாருக்கும் மூச்சு இல்லை.

அந்த நெடியை எப்படி எழுதுவது? முதலில் மூக்கின் உள்ளே ஒரு சின்ன எறும்பு. பிறகு எறும்புப் புற்று. பிறகு தொண்டைக்குள் யாரோ சீப்பால் சீவுகிறார்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், ஓரத்தில் இருந்தவர்கள், டிரைவர், பீடி, நாய் எல்லாம் சேர்ந்து தும்மினோம். மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. தும்மலுக்கு நடுவில் ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். அது அடுத்தவளைத் தொற்றியது. சிரிப்பா அழுகையா தும்மலா என்று பிரிக்க முடியாமல் ஒரு ஊரே ரோட்டில் குனிந்து குலுங்கியது.

செல்லத்துரை அண்ணாச்சி தன் தொழில் தர்மப்படி, "எல்லாரும் அமைதியா இருங்க!" என்று கத்த வாயை முழுதாகத் திறந்திருக்கிறார். மொத்த நெடியும் உள்ளே போய்விட்டது. அதோடு போன குரல் திரும்பி வர ஒரு வாரமானது.

மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கினார். இறங்கினார் என்பதைவிட உதிர்ந்தார். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக நீர். "தண்ணி... தண்ணி..." என்றார்.

மாரித்தாய் செம்போடு வந்தாள். அவள் கண்ணிலும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. செம்பை நீட்டினாள். கொடுக்கவில்லை, நீட்டினாள்.

"ஐயா, கடைசி வண்டி?"

"விடுறேம்மா."

"எப்ப?"

"இன்னிக்கே. இன்னிக்குச் சாயங்காலமே வரும். தண்ணியக் குடும்மா தாயே!"

அவர் சொன்னதைக் கேட்டது மொத்த ஊர். செம்பு கை மாறியது. மாரித்தாயும் இன்னும் நாலு பெண்களும் நின்றுபோயிருந்த பஸ்ஸில் எங்களோடு ஏறிக் கோவில்பட்டிக்கு வந்தார்கள். சேதி போனில் போவதைத் தாங்களே கண்ணால் பார்க்க வேண்டுமாம். வழியெல்லாம் பஸ் தும்மிக்கொண்டே வந்தது.

மறுபடியும் கூண்டுக்குள்

இப்படித்தான் நான் கண்ணாடிக்குள் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி என் தோளைத் தொடாமல் காற்றில் தள்ளி, ரிசீவரைக் காட்டி, தன் தொண்டையைக் காட்டி, கும்பிட்டார். நம்பரைச் சுற்றியது பாக்கியம் அக்கா.

"கோவில்பட்டி அருகே நல்லமுத்தன்பட்டியில், நிறுத்தப்பட்ட மாலை நேரப் பேருந்தை மீண்டும் இயக்கக் கோரி, பெண்கள் சாலையை மறித்தனர்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. பேப்பர் மாதிரி இருந்தது. கூட்டம் திருப்தியாகத் தலையாட்டியது.

"மறியல் தினமும்தான் வருது" என்றார் பிச்சையா சார். அந்த போனில் மறுமுனைக் குரலும் வெளியே கேட்கும். "நாலு வரி போடுதேன். வேற?"

"பேருந்து இன்று மாலையே இயக்கப்படும் என்று மேனேஜர் உறுதி அளித்தார்."

"எழுத்துல குடுத்தாரா?"

"இல்ல சார். வாயாலதான்."

"அப்ப அந்த வரி வேண்டாம். நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டா மறுப்பு நாமதான் போடணும்."

மாரித்தாயின் மூக்கு கண்ணாடியை விட்டு விலகியது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு தும்மல். மேனேஜர். முகம் கழுவி, தலை சீவி, ஆனால் கண் இரண்டும் பழுத்த மிளகாய். டெப்போ போன் செத்துக் கிடந்ததாம். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பாக்கியம் அக்காவிடம் சொன்னார். "ஹெட் ஆபீஸுக்கு ஒரு கால் போடணும்மா. மூச்சு முட்ட வச்சு வாங்கின வாக்கெல்லாம் ஒரு வாக்கா? சாயங்காலம் வண்டியெல்லாம் கிடையாதுன்னு சொல்லிடணும்."

"வரிசையில நில்லுங்க சார்" என்றாள் அக்கா. "சேதி போயிக்கிட்டிருக்கு."

"என்ன சேதி?"

"உங்க சேதிதான்."

கூட்டம் பிரிந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு பாதை உண்டாயிற்று. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 'மிளகாய்' என்கிற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் இன்று சாயங்காலமே திருநெல்வேலிச் சீமை சிரிக்கும். சிரிப்புக்கு ஆளான மனிதர் வண்டி விடமாட்டார். ஜென்மத்துக்கும் விடமாட்டார்.

விழுங்கினேன். காரமாகத்தான் இருந்தது.

"சார், இன்னொரு வரி இருக்கு" என்றேன். "பெண்கள் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேனேஜரின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"அழுதாரா?" என்றார் பிச்சையா சார். குரலே மாறிவிட்டது.

"நீர் வழிந்தது சார். ஊரே பாத்துச்சு."

"ஆமா, பாத்தோம்!" என்றார்கள் நல்லமுத்தன்பட்டிக்காரர்கள். கோவிலில் அடித்துச் சத்தியம் செய்யலாம். ஒரு எழுத்து பொய்யில்லை. காரணத்தை மட்டும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"ஏம்மா, அவரு கிட்ட பேச முடியுமா?"

"இங்கனதான் சார் நிக்காவ."

ரிசீவரை நீட்டினேன். மேனேஜர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது, அத்தனை கை அவரை உள்ளே தள்ளியது.

"சார், வணக்கம் சார்" என்றது திருநெல்வேலி. "இருவது வருசமா இந்த மேசையில இருக்கேன். அதிகாரிங்க ஜனங்களை அழ வச்ச சேதியத்தான் எழுதியிருக்கேன். ஜனங்களுக்காக அழுத அதிகாரி நீங்கதான் சார். முதல் பக்கத்துல போடுதேன். வண்டி இன்னிக்கே விடுதீங்களா சார்?"

மேனேஜர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். அண்ணாச்சி அவருக்கு நேராக நின்று இரண்டு கையையும் கூப்பிக் கண்ணைத் துடைத்துக் காட்டினார். மாரித்தாய் வழக்கம்போல அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பொண்ணைப் பெத்தவன்தாங்க" என்றார் மேனேஜர், போனில். "அங்க ஊர்ல படிக்கிறா. பிளஸ் ஒன்." வெளியே நின்ற மாரித்தாயைப் பார்த்தார். "விடுறேன். இன்னிக்கே விடுறேன்னு போட்டுக்கங்க."

அவர் கண்ணில் மறுபடியும் நீர் திரண்டது. அது எந்த நீர் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தவர், ஹெட் ஆபீஸை மறந்து அப்படியே டெப்போவைப் பார்க்க நடந்தார்.

"ஹெட் ஆபீஸுக்குக் கால் போடலியா சார்?" என்று கத்தினாள் பாக்கியம் அக்கா.

அவர் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினார்.

கூரையிலிருந்து விழுந்த கட்டு

நாலு மணிக்குத் திருநெல்வேலி பஸ் வந்தது. கூரையிலிருந்து பேப்பர்க் கட்டு தொப்பென்று விழுந்தது. கயிறு அறுக்கும் முன்பே கைகள். மை காயவில்லை. என் கட்டைவிரலில் ஒட்டியது.

முதல் பக்கம், கட்டம் கட்டி: 'மாணவிகளின் துயரம் கேட்டுக் கண்ணீர் விட்ட அதிகாரி! இன்று மாலையே பேருந்து!' கீழே, 'நமது நிருபர்'.

அந்த 'நமது'வுக்குள் நான் இருந்தேன். கடலைமிட்டாய்க் கடை வாசலில் நின்று அதை எத்தனை முறை படித்தேனோ! அச்சில் முதல் கவிதை வந்தபோதுகூட அப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டுக்குள் நல்லமுத்தன்பட்டி போர்டு மாட்டிய வண்டி நுழைந்தது. மேனேஜரே முன்னால் நடந்து வந்தார், வெள்ளைச் சட்டை மாற்றி, கக்கத்தில் மூன்று பேப்பரோடு. யாரோ மாலை போட்டார்கள். "தங்கமான மனுசன்யா" என்று பேசிக்கொண்டார்கள். மிளகாய்க் கதை பாதி ஊருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். அச்சில் வந்தாயிற்றே.

காலை முதல் நடையிலேயே பள்ளிக்கூடம் வந்திருந்த பாஸ் பிள்ளைகள் கூச்சலோடு ஏறினார்கள். ராசாத்தியை அப்போதுதான் பார்த்தேன். இரட்டைச் சடை, அம்மாவின் மூக்கு. ஜன்னலோர சீட்டைப் பிடித்து மடியில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு, யாரும் பறித்துவிடுவார்களோ என்பதுபோல இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மாரித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "பைய எறக்கி வைட்டி, இது நம்ம வண்டிதான்" என்றாள்.

வண்டி கிளம்பியது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. ஓடினேன். கம்பியைப் பிடித்தேன். ஏறிவிட்டேன்.

பின்னாலேயே செல்லத்துரை அண்ணாச்சி ஓடி வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாயைப் பெரிது பெரிதாகத் திறந்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து நானும் படியில் தொங்கியபடி கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஓடினார். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். பஸ் திரும்பியது.

வழி முழுக்கப் பாட்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியைக் கண்டு வாய் பிளந்தவர்களுக்குப் பிள்ளைகள் பேப்பரை விரித்துக் காட்டினார்கள். மேற்கே சூரியன் கரிசலுக்குள் பாதி புதைந்து நின்றது. காற்றில் என் சடை அவிழ்ந்தது. நான் கட்டவில்லை.

நல்லமுத்தன்பட்டியில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் சீட்டில் இருந்தேன்.

கண்டக்டர் பையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "நீ எங்கம்மா எறங்கணும்?"

"நான் திரும்பிக் கோவில்பட்டிக்குத்தான்..."

"எதுல?"

அப்போதுதான் அண்ணாச்சி ஓடியது எதற்கென்று உறைத்தது. பாவம், எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதே சைகையில்தான் சொல்லியிருக்கிறார். பொண்ணு பஸ்ஸில், கை ஆட்டல், கண்ணீர். அப்பா என்ன புரிந்துகொண்டார் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கீழேயிருந்து மாரித்தாய் சிரிக்க ஆரம்பித்தாள். "ஏட்டி, கடைசி வண்டி வேணும், கடைசி வண்டி வேணும்னு அத்தன சத்தம் போட்டு போன்ல சொன்னது நீதான? கடைசி வண்டின்னா என்னன்னு நெனச்ச? ராவு இங்கதான் கெடக்கும். காலையிலதான் போவும்."

ராசாத்தி படியில் ஏறி வந்து என் பையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, எங்க வீட்ல படுத்துக்கிடலாம். வாங்க. எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்ச."

இறங்கினேன். டிரைவர் பின்னால் எஞ்சினை அணைத்தார். எங்கள் மூன்று பேரின் சிரிப்பும் சட்டென்று பெரிதாகக் கேட்டது.